இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பிள்ளையின் பள்ளிச் சீருடை வாங்கும் வழி

ஊரில் சீருடை ஒரு பெரிய வேலையே இல்லை. பள்ளிக்கூடமே துணியைக் கொடுக்கும், இல்லையென்றால் எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடும். தையல்காரர் அளவெடுத்து, அடுத்த வருடத்துக்கும் சேர்த்து மடிப்பு விட்டுத் தைத்துக் கொடுப்பார். இங்கிலாந்தில் அப்படிக் கையைப் பிடித்து யாரும் அழைத்துப் போவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே சீருடை கிடையாது, மாவட்டத்துக்கு ஒன்று என்றும் கிடையாது. ஒவ்வொரு பள்ளியும் தன் சொந்த விதியை எழுதி இணையத்தில் போட்டுவிடும். அதைத் தேடிப் படித்து, ஒவ்வொரு உருப்படியையும் வெவ்வேறு கடையில் வாங்கிச் சேர்ப்பது பெற்றோரின் பொறுப்பு. எங்கள் வீட்டில் இதில் நிறைய அலைந்தோம். இனி வருகிறவர்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளைப் பற்றி. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு. அங்கே கிடைக்கும் பணவுதவியைப் பற்றி மட்டும் பின்னால் சொல்கிறேன்.

1. பள்ளி உறுதியாகும் வரை எதையும் வாங்காதீர்கள்

செப்டம்பரில் சேரும் பிள்ளைகளுக்கு, செகண்டரி (11 வயதிலிருந்து படிக்கும் பள்ளி) என்றால் மார்ச் 1 அன்றும் பிரைமரி (தொடக்கப் பள்ளி) என்றால் ஏப்ரல் 16 அன்றும் இடம் கிடைத்த செய்தி வரும். அந்த நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் வரும். வருட நடுவில் வந்து சேருகிறவர்களுக்கு இந்தத் தேதிகள் பொருந்தாது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததிலிருந்து 10 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்ல முயல வேண்டும், 15 பள்ளி நாட்களைத் தாண்டக் கூடாது என்பது சேர்க்கை விதி.

விண்ணப்பத்தில் முதலில் எழுதிய பள்ளியே கிடைக்கும் என்று நம்பி, அதன் முத்திரை (பள்ளிச் சின்னம்) போட்ட ஜம்பரை (ஸ்வெட்டரை) வாங்கி வைப்பவர்கள் உண்டு. காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கும்போதே வாங்குகிறவர்களும் உண்டு. இடம் கிடைத்ததற்கான மின்னஞ்சல் வந்து, அதை நீங்கள் ஏற்றுக்கொண்டு, சேரும் நாளையும் பள்ளி சொன்ன பிறகு வாங்கினால் போதும். முத்திரை தைத்த உடையைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை.

ஊரிலிருந்து கிளம்பும்போதே வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறக் கால்சட்டையும் தைத்து எடுத்து வரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கால்சட்டை சாம்பலா, கறுப்பா, கருநீலமா என்பது பள்ளி தெரிந்த பிறகுதான் தெரியும். இங்கே பெரிய கடைகளில் விற்கும் விலைக்கு ஊரில் தைத்துப் பெட்டியின் எடையைக் கூட்டுவதில் லாபமும் இல்லை.

2. சீருடைக் கொள்கைப் பக்கத்தை எடுத்து, பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

பள்ளியின் இணையதளத்தில் சீருடைக் கொள்கை கட்டாயம் இருக்கும். 2021 நவம்பரில் வந்த அரசின் சட்டபூர்வ வழிகாட்டுதல் அப்படிச் சொல்கிறது. கடையில் யாரோ சொன்னதையும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படித்ததையும் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தைத் தரவிறக்கி, ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். பள்ளி முத்திரை கட்டாயம் வேண்டியவை ஒரு பக்கம், நிறம் சரியாக இருந்தால் போதும் என்பவை மறுபக்கம்.

பிரைமரி பள்ளிகளில் முத்திரை வேண்டியது பெரும்பாலும் ஜம்பர் அல்லது கார்டிகன், அப்புறம் ரிசெப்ஷன் (4-5 வயதுப் பிள்ளைகள் சேரும் முதல் வகுப்பு) பிள்ளைகளின் புத்தகப் பை. பல பிரைமரிகளில் அதுகூடக் கட்டாயம் இல்லை, அதே நிறத்தில் முத்திரை இல்லாததையும் போடலாம். செகண்டரியில் பிளேசர் (சட்டைமேல் போடும் கோட்டு), டை, விளையாட்டுச் சட்டை ஆகிய மூன்றும் பெரும்பாலும் முத்திரையோடு வரும்.

படிக்கும்போது இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 'கட்டாயம்' என்று இருந்தால் வாங்கியே ஆக வேண்டும். 'விருப்பம்' என்று இருந்தால் வேண்டாம். விருப்பப் பட்டியலில் இருக்கும் முத்திரை போட்ட மழைக்கோட்டு, தொப்பி, தண்ணீர்க் குப்பி எல்லாவற்றையும் முதல் வருடமே வாங்கிவிட்டுத் தவிப்பது புதிதாக வருகிறவர்கள்தான்.

3. முத்திரை உடைகள்: ஜூனிலேயே ஆர்டர் போடுங்கள்

இவற்றைப் பள்ளி குறிப்பிடும் கடையிலோ அதன் இணையதளத்திலோதான் வாங்க முடியும். பெரும்பாலும் ஒரே ஒரு கடைதான் இருக்கும். ஒரு கடையோடு மட்டும் ஒப்பந்தம் போட்டிருந்தால் குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக விலை கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் பெற்றோராக இன்றைக்கு உங்களுக்கு வேறு வழி இருக்காது. ஜூன் மாதமோ ஜூலை முதல் வாரமோ ஆர்டர் போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் கடைவாசலில் வரிசை நிற்கும், நடுத்தர அளவுகள் தீர்ந்திருக்கும், இணையத்தில் போட்டால் பள்ளி திறந்த பிறகுதான் வரும்.

வருட நடுவில் சேருகிறவர்களுக்குக் கால அவகாசம் இருக்காது. அப்போது பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "ஆர்டர் போட்டுவிட்டோம், இந்தத் தேதியில் வரும், அதுவரை முத்திரை இல்லாத அதே நிற ஜம்பரைப் போட்டு அனுப்புகிறோம்" என்று. சரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியர் கேட்டால் காட்ட உதவும்.

எத்தனை வாங்குவது? ஜம்பர் இரண்டு, டை ஒன்று, பிளேசர் ஒன்று. முத்திரை ஜம்பர் 12 முதல் 18 பவுண்டு வரை, பிளேசர் 30 முதல் 45 பவுண்டு வரை என்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள். பிளேசரை மட்டும் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். கை நீளம் விரல் கணுவரை வந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இயர் 7இல் (செகண்டரியின் முதல் வருடம்) சேரும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் வருவார்கள்.

4. மற்றதெல்லாம் சூப்பர்மார்க்கெட்டில்

ஆஸ்டா, டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், பிரைமார்க் எல்லாவற்றிலும் பள்ளி உடைக்குத் தனிப் பகுதி உண்டு. வெள்ளை போலோ சட்டை, சாம்பல் கால்சட்டை, பாவாடை, பினஃபோர் (சட்டைமேல் போடும் கையில்லாத கவுன்), டைட்ஸ் (இடுப்புவரை வரும் காலுறை), காலுறை எல்லாம் அங்கே கிடைக்கும். ஆல்டியும் லிடிலும் ஜூலையில் போலோ சட்டை, ஸ்வெட்ஷர்ட், கால்சட்டை அல்லது பாவாடை சேர்ந்த கட்டை 5 பவுண்டு அளவில் விற்பது வழக்கம். அது வந்த சில நாட்களில் தீர்ந்துவிடும், மறுபடி வராது. மற்ற கடைகளில் வருடம் முழுக்கக் கிடைக்கும், கோடையில் தள்ளுபடியும் போடுவார்கள்.

சட்டை ஐந்து, கால்சட்டை அல்லது பாவாடை மூன்று இருந்தால் ஒரு வாரம் நிம்மதியாகப் போகும். ஊரில் இரண்டு செட் வைத்துக்கொண்டு தினம் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டுச் சமாளித்திருப்பீர்கள். இங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வீட்டுக்குள் காயப்போட்ட கால்சட்டை இரண்டு நாள் ஆனாலும் ஈரமாகவே இருக்கும். அதனால் முத்திரை உடையில் கையை அடக்கிக்கொண்டு, விலை குறைந்த சட்டையிலும் கால்சட்டையிலும் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்குவதே நல்லது.

பெண்பிள்ளைகளுக்குக் கோடையில் கட்டம் போட்ட பருத்தி கவுன் இருக்கும். அதைச் செப்டம்பரிலேயே வாங்கி வைக்காதீர்கள். ஏப்ரல் வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவாள்.

5. வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள்

சட்டையில் '5-6 வயது' என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே சென்டிமீட்டரில் உயரமும் இருக்கும். உயரத்தைப் பார்த்து எடுங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு உயரம் சரியாக இருக்கும், இடுப்பு மட்டும் தளர்ந்து நிற்கும். இடுப்புப் பட்டையின் உள்ளே பொத்தானோடு எலாஸ்டிக் வைத்த கால்சட்டையாகப் பார்த்து வாங்கினால் பெல்ட் தேவைப்படாது. 'ஸ்லிம் ஃபிட்' என்று தனியாகவும் கிடைக்கும். ஆனால் செகண்டரியில் காலோடு ஒட்டிய இறுக்கமான கால்சட்டையைப் பல பள்ளிகள் தடை செய்திருக்கின்றன. கொள்கையைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஒரு விலை விஷயம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அளவுகளில் இருக்கும் உடைக்கும் காலணிக்கும் இங்கே மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அதைத் தாண்டிய அளவென்றால் 20 சதவீத வரி சேர்ந்துவிடும். பிள்ளைக்கு வயது 12தான், ஆனால் வளர்ந்த பையன் என்றால் பெரியவர்கள் அளவுதான் சரிப்படும், வரியும் கட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு விலக்கு கேட்டு யாரிடமும் போக முடியாது.

6. காலணியில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்

'கறுப்புக் காலணி' என்று எழுதியிருந்தால் முழுக்கக் கறுப்பாக இருக்கும் டிரெய்னர்ஸ் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அடிப்பாகம் உட்பட எல்லாமே கறுப்பாக இருந்தாலும், பக்கத்தில் விளையாட்டு நிறுவனத்தின் சின்னம் சிறிதாக இருந்தால் போதும், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தோல் போல மெருகேற்றக் கூடிய, சின்னம் இல்லாத ஷூதான் பாதுகாப்பு. வாங்கும் முன் படம் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பிக் கேட்பதில் தவறே இல்லை.

சிறு பிள்ளைகளுக்கு ஒட்டும் பட்டை வைத்த ஷூவாக வாங்குங்கள். பிளிம்சோலையும் (விளையாட்டு வகுப்புக்கான மெல்லிய கான்வாஸ் ஷூ) ஷூவையும் மாற்றி மாற்றிப் போடும்போது முப்பது பிள்ளைகளின் நாடாவை முடிந்துவிட ஆசிரியருக்கு நேரம் இருக்காது. காலணி மட்டும் கோடை விடுமுறையின் கடைசி வாரம்வரை காத்திருந்து வாங்க வேண்டியது. ஜூலையில் வாங்கினால் செப்டம்பரில் விரல் முட்டும். கிளார்க்ஸ் போன்ற கடைகளில் காலை அளந்து கொடுப்பார்கள், ஆனால் அந்த வாரத்துக்கு முன்கூட்டியே நேரம் பதிந்துகொள்ளுங்கள்.

7. விளையாட்டு, நீச்சல், மழை

விளையாட்டு உடைப் பட்டியலைத் தனியாகப் படியுங்கள். பிரைமரியில் டி-ஷர்ட், அரைக்கால்சட்டை, பிளிம்சோல் அல்லது டிரெய்னர்ஸ், குளிர்காலத்துக்கு முழுக்கால் ஜாகர்ஸ். விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளில் வீட்டிலிருந்தே அந்த உடையில் அனுப்பும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அப்படியானால் வழக்கமான சீருடையில் ஒரு செட் குறைவாகப் போதும். செகண்டரியில் கால்பந்து பூட்ஸ், முழங்கால் கீழ்க் காப்பு, ரக்பி அல்லது ஹாக்கி என்றால் பல்லுக்குக் காப்பு என்று பட்டியல் நீளும். அந்தப் பருவத்தில் என்ன விளையாட்டு என்று கேட்டு, அதற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

இயர் 6 (பிரைமரியின் கடைசி வருடம்) முடிவதற்குள் 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும் என்பது இங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ஏதோ ஒரு வருடம் பள்ளியே நீச்சலுக்கு அழைத்துப் போகும். தொளதொள அரைக்கால்சட்டையை ஏற்க மாட்டார்கள், உடலோடு ஒட்டிய நீச்சலுடை வேண்டும். நீண்ட முடிக்குத் தொப்பி கேட்பார்கள்.

மழை பெய்தாலும் இடைவேளையில் பிள்ளைகளை வெளியே அனுப்பும் பள்ளிகள் நிறைய. நீர் புகாத கோட்டு ஒன்று கட்டாயம். நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ரிசெப்ஷன் பிள்ளைக்கு ரப்பர் பூட்ஸும் கேட்கலாம்.

8. எல்லாவற்றிலும் பெயர்

ஒரே வகுப்பில் முப்பது நீல ஜம்பர் இருக்கும். பெயர் இல்லாத ஜம்பர் தொலைந்தால் திரும்பாது. துணியில் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளை இணையத்தில் அச்சடித்து வாங்கலாம், அழியாத மை பேனாவால் உடையின் உள்ளே தைத்திருக்கும் லேபிளில் எழுதினாலும் போதும். கையுறை, காலுறை, ஷூவின் உள்பக்கம்வரை எழுதுங்கள். நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, பள்ளிப் பதிவேட்டிலும் அப்படியே ஏறியிருக்கும். வீட்டில் கூப்பிடுவது வேறாக இருக்கும். ஆசிரியர் எந்தப் பெயரால் அழைக்கிறாரோ அதையும் வகுப்பையும் எழுதுங்கள்.

9. தோடு, பொட்டு, கயிறு, மொட்டை

நம்மவர்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததும் இதில்தான்.

பெரும்பாலான பள்ளிகள் ஒரு ஜோடி சிறிய தோட்டை அனுமதிக்கும். விளையாட்டு நேரத்தில் கழற்ற வேண்டும். கழற்ற முடியாவிட்டால் மேலே ஒட்டுப்பட்டை போடச் சொல்வார்கள், சில பள்ளிகள் அதையும் ஏற்பதில்லை. புதிதாகக் குத்திய காது ஆற ஆறு வாரம் ஆகும். கோடை விடுமுறையும் கிட்டத்தட்ட ஆறு வாரம்தான். காதுகுத்து வைப்பதானால் ஜூலை கடைசியில், பள்ளி மூடிய உடனே வைத்துவிடுங்கள். ஆகஸ்ட் நடுவில் ஊருக்குப் போய்க் குலதெய்வக் கோயிலில் வைத்தால் செப்டம்பரில் தோட்டைக் கழற்ற முடியாமல் பிள்ளை விளையாட்டை வேடிக்கை பார்க்க வேண்டிவரும். தங்க வளையல், சங்கிலி, கொலுசு எதையும் பள்ளிக்குப் போட்டு அனுப்பாதீர்கள். தொலைந்தால் பள்ளி பொறுப்பேற்காது.

மொட்டை இன்னொரு விஷயம். முடியை மிகக் குட்டையாக வெட்டுவதை, அதாவது மெஷினில் 2ஆம் எண்ணுக்குக் கீழே, ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக வெட்டுவதைத் தடை செய்யும் செகண்டரிகள் உண்டு. பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டுவிட்டு வரும் பையனைப் பார்த்தால் அவர்களுக்கு அது வேண்டுதல் என்று தெரியாது, விதி மீறல் என்றே படும். போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நேர்த்திக்கடனுக்காக முடி வளர்க்கும் பையனுக்கும் இதே வழிதான். நீண்ட முடியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லக்கூடும்.

பொட்டுக்கும் விபூதிக்கும் பிரைமரியில் பிரச்சினை வருவது அரிது. செகண்டரியில் முகப்பூச்சுக்குத் தடை இருப்பதால், விவரம் தெரியாத ஆசிரியர் பொட்டையும் அதில் சேர்த்துவிடக்கூடும். கல்யாணத்துக்குப் போட்ட மருதாணியும் அப்படித்தான். கையில் கட்டிய கயிறு விளையாட்டில் சிக்கும் என்று கழற்றச் சொல்வார்கள். அரைஞாண் வெளியே தெரியாது, ஆனால் நீச்சலுக்கு உடை மாற்றும்போது மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்.

முஸ்லிம் குடும்பங்கள் கொள்கையில் தலைமறைப்பு பற்றிய வரியைத் தேடிப் பாருங்கள். கறுப்பு அல்லது கருநீலம் என்று நிறம் மட்டும் குறிப்பிட்டிருக்கும் பள்ளிகள் நிறைய. விளையாட்டுக்கு முழுக்கால் ஜாகர்ஸ், நீச்சலுக்கு உடலை மூடும் உடை ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். சிலுவைச் சங்கிலிக்கும் விளையாட்டு நேர விதி பொருந்தும்.

எதுவானாலும் பள்ளிக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, என்ன அணிகிறாள் அல்லது என்ன செய்யப் போகிறோம், அது எந்த வழிபாட்டுக்கு அல்லது சடங்குக்கு உரியது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, விளையாட்டு நேரத்தில் எப்படிச் சமாளிப்போம் என்று ஐந்தாறு வரி போதும். நடந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட இது எவ்வளவோ எளிது.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மத நம்பிக்கையின் காரணமாகப் பிள்ளையைப் பாதிக்கும் விதிக்குப் பள்ளி தகுந்த நியாயம் காட்ட வேண்டும். அதற்கு முன்பே, 2008இல், சீக்கிய மாணவி கையில் காப்பு அணிந்ததற்காக அவளை வெளியேற்றியது பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத் தமிழ் மாணவி ஒருத்தியின் மூக்குத்தி வழக்கு அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போய், 2007இல் அவள் பக்கம் தீர்ப்பானது. ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2006இல் நீண்ட அங்கி அணியக் கேட்ட இங்கிலாந்து மாணவியின் வழக்கில் பிரபுக்கள் சபை (அப்போது அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) பள்ளியின் பக்கம் நின்றது. மாற்று ஏற்பாட்டைப் பள்ளி யோசித்துப் பார்த்ததா என்பது இப்படிப்பட்ட வழக்குகளில் முக்கியமான கேள்வி.

10. செலவைக் குறைக்க

சில்ரன்ஸ் சொசைட்டி என்ற அறக்கட்டளை 2023இல் பெற்றோரிடம் கேட்டு எடுத்த கணக்கில், ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு பிரைமரியில் சராசரி 287 பவுண்டு, செகண்டரியில் 422 பவுண்டு. மேலே சொன்னபடி பிரித்து வாங்கினால் பிரைமரியில் அதைவிடக் கணிசமாகக் குறைக்க முடியும். செகண்டரியில் அவ்வளவு குறையாது.

பழைய உடை வாங்கத் தயங்காதீர்கள். பள்ளிகள் பழைய சீருடை கிடைக்கும் வழியை ஏற்படுத்தி, அதை இணையதளத்திலும் சொல்ல வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஜூலையில் விற்பனை வைக்கும், ஒன்றிரண்டு பவுண்டுக்கு நல்ல ஜம்பர் கிடைக்கும். பிளேசரைப் பழையதாக வாங்கினால் மிச்சம் அதிகம். பழைய உடைகளை விற்கும் வின்டெட் செயலியில் பள்ளியின் பெயரைப் போட்டும் தேடலாம்.

இங்கிலாந்தில் எல்லோருக்குமான சீருடை உதவித்தொகை கிடையாது. சில கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) மட்டும் தருகின்றன. வேல்ஸில் தகுதியுள்ள பிள்ளைக்கு 125 பவுண்டு, இயர் 7இல் 200 பவுண்டு என்று தந்துவருகிறார்கள். ஸ்காட்லாந்தில் குறைந்தது பிரைமரிக்கு 120, செகண்டரிக்கு 150. கேட்கும் ஆவணங்கள்: வருமானச் சான்று, வங்கி அறிக்கை, முகவரிச் சான்று, பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கும் உறுதி.

இங்கே விசாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் பொதுநிதியை (அரசு தரும் குறிப்பிட்ட உதவித்தொகைகளை) பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். கவுன்சில் தரும் அவசர நல உதவி அந்தப் பொதுநிதிப் பட்டியலில் வருகிறது. விண்ணப்பம் போடும் முன் இந்த உதவி பொதுநிதியில் சேருமா என்று கவுன்சிலிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் சங்கம் கொடுக்கும் பழைய உடைக்கு இந்தக் கவலை இல்லை.

11. சிக்கல் வந்தால் யாரிடம் போவது

முதலில் வகுப்பாசிரியர், செகண்டரி என்றால் அந்த வருடத்துக்கான பொறுப்பாசிரியர். அங்கே தீரவில்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில். பிறகு பள்ளியின் புகார் நடைமுறைப்படி ஆளுநர் குழுவுக்கு (பள்ளியை மேற்பார்க்கும் நிர்வாகக் குழு). அந்த நடைமுறையும் இணையதளத்தில் இருக்கும். விதியை மீறிய உடையோடு வந்த பிள்ளையை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு. அப்படி நடந்தால் வாசலில் நின்று வாதாடாமல் பிள்ளையை அழைத்துப்போய் மாற்றிவிட்டு, அன்றைக்கே எழுதுங்கள். கொள்கையின் எந்த வரி, உங்களிடம் இருக்கும் முந்தைய அனுமதி மின்னஞ்சல், நீங்கள் கேட்கும் மாற்றம் ஆகிய மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும்.